நிற்க வேண்டிய இடம் அறிந்த கருவிகள்

அறுவை அரங்கில் கழுத்தெலும்புக் கருவிகளை அடுக்கி, சரிபார்த்து, அறுவை மருத்துவர் கை நீட்டும்போது எடுத்துக் கொடுக்கும் செவிலியர் நான். கழுத்தெலும்பு முறிந்தோ நழுவியோ ஒரு நோயாளி வந்துவிட்டால், மேசைக்கு வந்து சேரும் கருவிகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். இவ்வளவையும் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்பதுதான் புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், ஒவ்வொரு கருவியும் தன் வேலையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறது என்று பாருங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். இழுப்பதும் துளைப்பதும் திருகுவதும் எந்தப் பட்டறைக் கருவியாலும் முடிகிற வேலைகள். கழுத்துக்கென்று செய்யப்பட்ட கருவியில் கூடுதலாக ஒன்று இருக்கும்: இதற்கு மேல் போகாதே என்று தடுக்கும் ஓர் அமைப்பு. இந்தப் பதிவு அந்த அமைப்பைப் பற்றியது.

வளர்ந்த ஒருவரின் கழுத்தின் நடுப்பகுதியில், தண்டுவடம் செல்லும் எலும்புக் குழாயின் முன்பின் அளவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஓடும் தண்டுவடம் அதில் பாதியளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியிருக்கும் சில மில்லிமீட்டர்களே அதற்குப் பாதுகாப்பு. முள்ளெலும்பின் இரு பக்கங்களிலும் உள்ள துளைகளின் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதுகெலும்புத் தமனிகள் ஏறிச் செல்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அவை ஆறாவது முள்ளெலும்பில் நுழைந்து முதலாவது வரை போகின்றன. முன்பக்கத்தில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் குரல் நரம்பும் இருக்கின்றன. ஆக, எந்தத் திசையிலிருந்து அணுகினாலும் கருவியின் முனைக்கு மறுபுறத்தில் விட்டுக்கொடுக்க முடியாத ஏதோ ஒன்று இருந்தே தீரும்.

முறிவு என்பது எல்லோருக்கும் புரிகிறது. விலகல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். கழுத்து முள்ளெலும்புகளின் பின்புறத்தில் இருபுறமும் ஃபேசட் மூட்டுகள், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தலை வேகமாக முன்னோக்கி மடங்கும்போது மேலிருக்கும் எலும்பின் மூட்டு, கீழிருப்பதைத் தாண்டி முன்னால் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொண்டால், பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் மேல் எலும்பு கீழ் எலும்பின் அகலத்தில் கால் பங்கு அளவுக்கு முன்னால் நகர்ந்திருக்கும். இரு பக்கமும் பூட்டிக்கொண்டால் பாதி அளவுக்கு நகர்ந்திருக்கும். பாதி நகர்ந்துவிட்ட நிலையில் தண்டுவடம் நசுங்காமல் தப்புவது அரிது. பூட்டிக்கொண்டதைத் திறந்து, எலும்பை இருந்த இடத்திற்குக் கொண்டுவந்து, அங்கேயே நிற்கச் செய்ய வேண்டும். கருவிகள் எல்லாம் இந்த மூன்று வேலைகளுக்காகத்தான்.

திறப்பதற்கான கருவிகளில் பழையதும், இன்றும் பயன்படுவதும் மண்டையோட்டு இடுக்கி. 1933-இல் கேல் க்ரட்ச்ஃபீல்ட் அறிமுகப்படுத்திய இடுக்கியைப் பொருத்துவதற்கு, உச்சிக்கு அருகில் தோலைக் கீறி, எலும்பில் துளையிட வேண்டியிருந்தது. அது அடிக்கடி நழுவியும் வந்தது. 1973-இல் கார்ட்னர் விவரித்த, இன்று கார்ட்னர்-வெல்ஸ் என்று அழைக்கப்படும் இடுக்கிக்குத் துளையும் வேண்டாம், கீறலும் வேண்டாம். காதுமடலுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே, காதுத் துவாரத்திற்கு நேராக, மண்டையோட்டின் மிக அகன்ற சுற்றளவுக்குக் கீழே இருபுறமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, கூர்முனை பின்களைக் கையால் திருகினால் போதும். பின்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், எடையைத் தொங்கவிட்டு இழுக்கும்போது அவை நழுவாமல் இன்னும் இறுகவே செய்கின்றன. அந்த இடத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் இழுவையோடு கழுத்து முன்னே மடங்கும். முன்னுக்கு நகர்த்தினால் பின்னே நிமிரும். பூட்டிக்கொண்ட மூட்டைத் திறக்க முதலில் சிறிது மடக்கம் தேவைப்படுவதால், ஒரு சென்டிமீட்டர் முன்பின் என்பது இங்கே சிறிய விஷயமே அல்ல.

நான் எல்லோருக்கும் காட்ட விரும்பும் பகுதி இந்த இடுக்கியின் ஒரு பின்னில் இருக்கிறது. அந்தப் பின்னின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு மெல்லிய ஊசி ஓடுகிறது. பின் எலும்பை அழுத்த அழுத்த, அந்த ஊசி வெளிமுனையில் மெல்லத் தலைகாட்டும். அது ஒரு மில்லிமீட்டர் வெளியே நீண்டால் அழுத்தம் சரியான அளவை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு திருகுகூடத் திருகக் கூடாது. திருகினால் மண்டையோட்டின் உட்பலகையைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு. கண்ணால் பார்க்கவும் விரல் நுனியால் தொட்டு உணரவும் முடிகிற அந்த ஒரு மில்லிமீட்டரில் இந்தக் கருவியின் முழு அறிவும் அடங்கியிருக்கிறது. பழைய இடுக்கிகளில் ஸ்பிரிங் துருவேறியோ காய்ந்த இரத்தம் அடைத்தோ ஊசி அசையாமல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடுக்கி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மேசைக்கு வரத் தகுதியற்றது. ஒவ்வொரு முறையும் கழுவியபின் ஊசியை அழுத்திப் பார்த்து, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று உறுதி செய்வதைக் கட்டாய நடைமுறையாக வைக்க வேண்டும்.

இடுக்கியைப் பொருத்தியதும் கப்பி வழியாக எடை தொங்கவிடப்படும். வழக்கமாக 4.5 கிலோவில் தொடங்கி, இரண்டு, இரண்டரை கிலோ வீதம் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் பக்கவாட்டு எக்ஸ்-ரே எடுத்து, கை கால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, தொடு உணர்வைச் சோதித்த பிறகே அடுத்த எடை. இங்கே எல்லையைச் சொல்லும் கருவி நோயாளியேதான். அதனால்தான் அவர் விழித்திருந்து பேசும் நிலையில் இருப்பது அவ்வளவு முக்கியம். விரல் மரக்கிறது என்று அவர் சொன்னாலோ, எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ஒரு டிஸ்க்கின் இடைவெளி பக்கத்தில் உள்ளதைவிட ஒன்றரை மடங்கு விரிந்தாலோ, எடையை அத்துடன் நிறுத்திக் குறைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரிடமோ போதையில் இருப்பவரிடமோ இந்தப் பேச்சு கிடைக்காது. நழுவிய டிஸ்க் துண்டு எலும்போடு சேர்ந்து பின்வாங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறதா என்பதை அவர்களால் சொல்ல முடியாது என்பதால், முதலில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். தலையோடு கழுத்து சேரும் இடமே பிரிந்துவிட்ட காயங்களில் இழுவை அறவே கூடாது. அங்கே எடையைத் தொங்கவிடுவது பிரிந்ததை மேலும் பிரிப்பதாகும்.

எம்ஆர்ஐ என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃகு இடுக்கியோடு அந்த இயந்திரத்துக்குள் போக முடியாது. கார்பன் நார் உடலும் டைட்டானியப் பின்களும் கொண்ட இடுக்கிகள் அதற்காகவே வந்தன. ஆனால் அவை எஃகைப் போல அதிக எடையைத் தாங்குவதில்லை, பின்கள் வளைந்து நழுவ வாய்ப்பு உண்டு. இரண்டையும் வைத்திருந்து, எதை எப்போது எடுப்பது என்று தெரிந்திருப்பதே சரியான ஏற்பாடு.

ஹாலோ என்ற தலைவளையம் 1959-இல் பெர்ரி, நிக்கல் ஆகியோரால் கலிஃபோர்னியாவில் விவரிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலை நிற்காமல் போனவர்களுக்காக உருவான கருவி, பிறகு எலும்பு முறிவுக்கு வந்து சேர்ந்தது. வளர்ந்தவர்களுக்கு நான்கு பின்கள். ஒவ்வொன்றும் 8 அங்குல-பவுண்டு டார்க் (திருகும் விசை) அளவுக்கு இறுக்கப்படும். அந்த அளவை எட்டியதும் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிடும் வகையும் உண்டு, வழுக்கிச் சுழலும் வகையும் உண்டு. குழந்தைகளின் மண்டையோடு மெலிது என்பதால் பின்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் பாதிக்கும் கீழே குறைப்பார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு எட்டு, பத்து பின்கள்கூடப் போடப்படும். முன்பக்கப் பின்களைப் புருவத்தின் வெளிப்புறப் பகுதிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைப்பார்கள். இன்னும் உட்புறம் போனால் நெற்றி நரம்பு, வெளிப்புறம் போனால் மெல்லும் தசை. பின் நுழையும்போது நோயாளி கண்களை இறுக மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும்போது குத்தினால் நெற்றித் தோல் இழுபட்டு நின்றுவிடும், பிறகு இமையை முழுவதும் மூட முடியாது. இதை அருகில் நிற்கும் செவிலியர்தான் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹாலோவின் மார்புச் சட்டையைத் திறக்கும் ஸ்பேனர், சட்டையின் முன்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்த அந்தச் சட்டை திறக்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பேனரைத் தேடி வேறொரு தளத்திற்கு ஓட முடியாது. வார்டுக்கு அனுப்பும் முன் நான் கடைசியாகப் பார்ப்பது இதைத்தான். முதியவர்களுக்கு ஹாலோ போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விழுங்க முடியாமையும் நுரையீரல் தொற்றும் அவர்களை வேகமாக வீழ்த்துகின்றன. அறுவையைத் தாங்கும் உடல்நிலை இருந்தால், அவர்களுக்கு உள்ளிருந்து நிலைநிறுத்துவதே மேல் என்பது என் கருத்து.

அறுவைக்கு வருவோம். முன்பக்க வழி 1950-களில் ஸ்மித், ராபின்சன், க்ளோவர்ட் ஆகியோர் வகுத்தது. கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களை வெளிப்புறமும் மூச்சுக்குழாய், உணவுக்குழாயை உட்புறமும் ஒதுக்கினால் எலும்பு நேரே தெரியும். இங்கே விரிப்பானின் அலகுகள் எலும்பை ஒட்டிய நீள்தசையின் அடியில் உட்கார வேண்டும். தசைக்கு மேலே உட்கார்ந்தால் அலகு வழுக்கி உணவுக்குழாயை அழுத்தும். விரித்து நிறுத்தியதும், மயக்க மருத்துவர் மூச்சுக்குழாய்க் குழலின் காற்றுப்பையை ஒருமுறை இறக்கி மீண்டும் ஊதுவது குரல் நரம்பின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், அதைக் கேட்டு நினைவூட்டுவது எங்கள் மேசையின் வழக்கம்.

பிறகு காஸ்பர் பின்கள். ஜெர்மனியின் வொல்ஃப்ஹார்ட் காஸ்பர் 1980-களில் பரப்பிய இந்தக் குட்டைப் பின்கள் பழுதான டிஸ்க்கின் மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகப்படும். அவற்றின் மேல் ஒரு விரிப்பானை மாட்டிப் பற்சக்கரத்தைத் திருப்பினால் இடைவெளி திறக்கும். பின்களின் அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அது எலும்பின் மேற்பரப்பைத் தொட்டதும் பின் அதற்கு மேல் இறங்காது. பின்களை ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்வாக வைத்து, பிறகு விரிப்பானில் நேராக்குவதன் மூலம், பூட்டிக்கொண்ட ஃபேசட்டை முன்பக்கத்திலிருந்தே திறக்கும் உத்தியும் உண்டு. தலையில் தொங்கும் எடையைவிட இந்த விசை காயம்பட்ட மூட்டுக்கு மிக அருகில் செயல்படுகிறது என்பதால், கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், கைக்குத் தெரிந்த அளவில் திறக்கிறது.

டிஸ்க்கை எடுத்தபின் எலும்பு விளிம்புகளைச் சீவ, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டிரில் வரும். தண்டுவடத்தை நெருங்கும்போது டிரில்லின் சுழல்முனையான வெட்டும் பர்ரை மாற்றி வைரப் பர் கேட்பார்கள். வைரப் பர் எலும்பைத் தேய்க்கும். தண்டுவடத்தை மூடியிருக்கும் மென்மையான சவ்வைப் பற்றி இழுத்துச் சுழற்றும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் அது சூடேறும், நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பின், எலும்பைச் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்கும் ஒரு மில்லிமீட்டர் கெரிசன். அதன் அடித்தட்டு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது; எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே நுழையும் பகுதி அதுதான். முனை மழுங்கிய கெரிசன் கடிக்காமல் இழுக்கும், இழுத்தால் சவ்வு கிழியும். ஒரு தாளைக் கடிக்கக் கொடுத்து, சுத்தமாக நறுக்குகிறதா என்று சோதித்த பிறகே அதை நான் தட்டில் வைப்பேன்.

காலியான இடத்தில் இடுப்பெலும்புத் துண்டோ, டைட்டானியம் அல்லது பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன கூண்டோ வைத்து, முன்னால் பிளேட் போடப்படும். தொடக்ககாலக் காஸ்பர் பிளேட்டின் ஸ்க்ரூ, எலும்பின் பின்சுவரையும் பிடிக்க வேண்டியிருந்தது. பின்சுவரின் மறுபுறம் தண்டுவடம். சுவிட்சர்லாந்தின் மோர்ஷரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1980-களில் உருவாக்கிய, பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ வந்ததும் பின்சுவரைத் துளைக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. கழுத்து அறுவைக் கருவிகளின் வரலாற்றில் மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே என்று நான் கருதுகிறேன். விசையைக் கூட்டாமல் பிடிப்பைக் கூட்டிய மாற்றம் அது. இன்றைய ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் தடிமனும் 12 முதல் 16 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை; மரை பிடிக்காமல் சுற்றினால் மாற்றிப் போட 4.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் தட்டில் இருக்க வேண்டும். டிரில் முனையில் 14 என்று பொறித்திருக்கும் நிறுத்தியை நம்பிக் கொடுத்துவிடாமல், வழிகாட்டிக் குழாயில் நுழைத்து, வெளியே நீளும் பகுதியை அளவுகோலால் அளந்து பார்ப்பேன். வேறொரு செட்டின் குழாய் கலந்திருந்தால் எழுத்து 14 என்றே சொல்லும், முனை 17-க்குப் போயிருக்கும். பிளேட்டின் விளிம்பு பக்கத்து டிஸ்க்கிலிருந்து 5 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிஸ்க்கின் முன்னால் பின்னாளில் எலும்பு வளர வாய்ப்பு கூடுகிறது.

பின்பக்க அறுவைக்கு நோயாளியைக் குப்புறத் திருப்ப வேண்டும். தலையை மூன்று பின்கள் கொண்ட மேஃபீல்ட் கவ்வி பிடித்திருக்கும். அதன் திருகில் உள்ள கோடுகள் அழுத்தத்தைக் காட்டும், வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 80 பவுண்டு வரை. தோள்கள் மறைப்பதால், அரங்கிலேயே எக்ஸ்-ரே படத்தைத் திரையில் காட்டும் சி-ஆர்மில் ஏழாவது முள்ளெலும்பு தெரிவது கடினம். தோள்களை நாடாவால் கீழே இழுத்துக் கட்டுவார்கள், அதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். அதிகம் இழுத்தால் கைக்குப் போகும் நரம்புக் கற்றை காயப்படும்.

இந்த வழியில் முதலில் வந்தது கம்பி. 1891-இல் டெக்சாஸில் பெர்த்தோல்ட் ஹாட்ரா கழுத்தெலும்பு முறிந்தவருக்கு முள்முனைகளை வெள்ளிக் கம்பியால் கட்டினார். அதிலிருந்து, முள்ளெலும்பின் இரு பக்கமும் உள்ள எலும்புத் திரட்சிகளில் ஸ்க்ரூ போடும் முறைக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. பிரான்சின் ருவா-கமீல் திரட்சியின் மையத்திலிருந்து பத்து டிகிரி வெளிப்புறமாகவும், சுவிட்சர்லாந்தில் மாகெர்ல் மையத்துக்குச் சற்று உள்ளேயிருந்து 25 டிகிரி வெளிப்புறமாகவும் மேல்நோக்கியும் செலுத்தினார்கள். இரண்டிலும் ஸ்க்ரூ வெளிப்புறம் சாய்வது தமனியை விட்டு விலகத்தான். 3.5 மில்லிமீட்டர் தடிமனும் 14 மில்லிமீட்டர் நீளமும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஏழாவது முள்ளெலும்பின் திரட்சி மெலிந்திருப்பதால் அங்கே, முள்ளெலும்பின் உடலையும் பின்பகுதியையும் இணைக்கும் காம்பெலும்பில் போடும் ஸ்க்ரூவை நாடுவார்கள்.

முதல் இரண்டு எலும்புகளுக்கு மும்பையின் அதுல் கோயல் 1994-இல் வெளியிட்ட பிளேட்-ஸ்க்ரூ முறையும், அதை ராடும் (ஸ்க்ரூக்களை இணைக்கும் உலோகத் தண்டு) சுழல்தலை ஸ்க்ரூவும் கொண்டு ஹார்ம்ஸ் 2001-இல் விவரித்த வடிவமும் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன. முதல் எலும்பில் போடும் ஸ்க்ரூவின் மேல்பகுதி மரையில்லாமல் வழவழப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தை உரசிக்கொண்டு இரண்டாவது கழுத்து நரம்பு போகிறது. மரை பட்டால் பின்தலையில் ஓயாத வலி. ராடை அமர்த்திக் கடைசியாக இறுக்கும்போது, டார்க் கைப்பிடியோடு எதிர்த்திசையில் பிடிக்கும் குழாயையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அந்தக் குழாய் இல்லாமல் இறுக்கினால் திருகும் விசை முழுவதும் எலும்புக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்குப் போய்ச் சேரும். சரியான அளவில் கைப்பிடி ஒரு ‘டக்’ ஒலி எழுப்பும். அந்த ஒலியை அரங்கில் எல்லோரும் கேட்கும்படி அமைதி காக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்ததே இல்லை.

இரண்டாவது எலும்பின் பல் போன்ற நீட்சி அடிப்பகுதியில் முறிந்தால், முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஸ்க்ரூவால் அதை இழுத்துச் சேர்க்கலாம். போலர் 1982-இல் இதை விவரித்தார். இதற்கு நேர்க்கோணத்தில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு சி-ஆர்ம்கள் வேண்டும், வாயைத் திறந்து வைக்க எக்ஸ்-ரேயில் தெரியாத அடைப்பும் வேண்டும். மெல்லிய வழிகாட்டிக் கம்பியின் மேல் துளையுள்ள டிரில்லை ஓட்டும்போது, கம்பி டிரில்லோடு ஒட்டிக்கொண்டு தானும் மேலே ஏறிவிடக் கூடும். மேலே இருப்பது மூளைத்தண்டு. மற்ற எல்லாக் கருவிகளிலும் உள்ள நிறுத்தி இதில் இல்லை. ஆகவே இங்கே நிறுத்தியாக இருப்பது திரையைப் பார்க்கும் கண்தான். கம்பி வளைந்திருந்தாலோ முன்பு பயன்படுத்தியதாக இருந்தாலோ ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய, நேரான கம்பியே தரப்பட வேண்டும்.

காலம் பற்றியும் ஒரு சொல். காயம்பட்ட 24 மணி நேரத்துக்குள் தண்டுவடத்தின் அழுத்தத்தை நீக்கியவர்களையும் அதற்குப் பிறகு நீக்கியவர்களையும் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த பல மைய ஆய்வில், முந்தியவர்கள் நரம்புச் செயல்பாட்டை அளக்கும் அளவுகோலில் இரண்டு படிகளாவது மீண்டெழும் வாய்ப்பு 2.8 மடங்காக இருந்தது. வெளியிலிருந்து வர வேண்டிய செட், வந்தபின் பிரித்துக் கழுவி நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் முழுச் சுழற்சி முடிய வேண்டும் என்றால், அதற்கே பல மணி நேரம் போகும். அவசரம் என்று சொல்லிச் சுழற்சியைச் சுருக்குவதை ஏற்க முடியாது. கழுத்தில் உலோகத்தோடு தங்கும் தொற்று மிகக் கொடியது. இடுக்கியும் எடைகளும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலேயே, ஒரு அடிப்படை ஸ்க்ரூ செட் அரங்கிலேயே, எப்போதும் தயாராக இருந்தால்தான் வேகம், கிருமி நீக்கம் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியும்.

காயத்தை மூடியபின் மேசையில் எஞ்சுவது ஸ்க்ரூ, பிளேட், ராடு ஆகியவற்றின் உறைகளில் இருந்த ஸ்டிக்கர்கள். அவற்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவதோடு, வீட்டுக்குப் போகும் தாளிலும் ஒரு பிரதி ஒட்டச் சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்க்ரூத் தலைக்கும் ஸ்க்ரூடிரைவர் முனை வேறு. பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அதைக் கழற்ற நேர்ந்தால், எந்த முனையைக் கேட்பது என்று அந்தச் சிறு ஒட்டுத்தாள்தான் சொல்லும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் முதலில் கேட்கப்படுவது, உள்ளே இருக்கும் உலோகம் எது என்பதுதான்.